ரெண்டு மாத்திரையும் ஒரு 'ங்'கும்

எங்கள் ஊரில், முதலில் சொன்ன எண்ணை அப்படியே ஒப்புக்கொள்கிறவனுக்கு மூன்று பெயர்கள் உண்டு. மூன்றையும் அச்சில் போட முடியாது. என் அப்பா ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்தவர். பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டாப் புடுங்கிக்கங்க டாக்டர், வலிய மட்டும் ஒண்ணுக்குக் குடுங்க" என்று பேசிப் பார்த்தவர். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

அந்தக் கடை இப்போது இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் நான் ஒரு பெட்டிக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று காலம் பூராவும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்களின் வீட்டில் நலத்துணை நிறுவனம் வைத்துவிட்டுப் போகும். உள்ளே கம்பு மணி அளவில் மாத்திரைகள். வேளை வந்ததும் பெட்டி பேசும். ஆள் சம்மதித்தால் எண்ணிக் கீழே விடும். ஒவ்வொரு மாத்திரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு இருக்கிறது. அது வயிற்றில் கரைந்ததும் பெட்டிக்குத் தகவல் போய்விடும். அதனால் ஜன்னல் வழியாக எறிவது, தலையணைக்கு அடியில் வைப்பது என்கிற பழைய வழிகளெல்லாம் அடைபட்டுப் போயின. பெருந்துறையில் ஒருவர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார். ஆளின் வயிற்றுச் சூடு நாற்பத்தொரு டிகிரி என்று பெட்டி பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது.

முதலில் வந்த பெட்டிகள் செய்திவாசிப்பாளர் தமிழில் பேசின. "வணக்கம். மருந்து குடித்தாகிவிட்டதா?" எங்கள் பக்கம் மருந்து என்றால் பயிருக்கு அடிக்கிற விஷம். 'மருந்தக் குடிச்சுட்டான்' என்றால் ஆள் பிழைக்கவில்லை என்று பொருள். கவுந்தப்பாடியில் ஒரு வீட்டில் முந்தின வருஷம்தான் ஒருவர் அப்படிப் போயிருந்தார். அந்த வீட்டுத் திண்டாட்டத்துக்கு நடுவில் பெட்டி தினமும் காலை ஏழு மணிக்கு, "மருந்து குடித்தாகிவிட்டதா?" தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்தும் ரெண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். பதவியின் பெயர் பண்பாட்டு ஆலோசகர். மருந்தை மாத்திரை ஆக்கினேன். வீட்டில் துக்கம் என்றால் பதினாறு நாள் குரலைத் தணிக்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேலாக 'ங்' போடச் சொன்னேன். எங்கள் பேச்சில் மரியாதை முழுவதும் அந்த ஒரு 'ங்'கில்தான் இருக்கிறது. 'வா' என்பதற்கும் 'வாங்' என்பதற்கும் நடுவில் நாலு தெரு தூரம். குரலும் என்னுடையதுதான், மூன்று நாள் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசிக் கொடுத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் நூற்றுக்கு நாற்பது பேர்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பதிவுகளை உட்கார்ந்து கேட்டேன். இரண்டு மாத்திரை என்றால், "ஒண்ணு போதுமுங்". ஒன்று என்றால், "அரையாக் குடுங், மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்". யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. குறைத்துக் கேட்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி வாங்கினால் ஏமாந்துவிட்டோம் என்று அவர்களுக்கு ஓர் அரிப்பு. டாக்டரானாலும் பெட்டியானாலும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

"அப்ப ஏத்தியே சொல்லுவோம்" என்றேன்.

கோயம்புத்தூரிலிருந்து திரையில் வந்திருந்த திட்ட மேலாளர் நிரஞ்சனுக்குப் புரியவில்லை. புரிய வைத்தேன். டாக்டர் இரண்டு எண் கொடுக்கட்டும். உடம்புக்கு வேண்டியது ஒன்று. உடம்பு தாங்கக்கூடிய உச்சம் ஒன்று. வேண்டியது இரண்டு, உச்சம் நான்கு என்றால், பெட்டி நாலு என்று ஆரம்பிக்கும். ஆள் ஒன்று என்பார். மூன்று, ஒன்றரை என்று இழுத்து இரண்டில் முடியும். அவருக்குப் பாதியாகக் குறைத்துவிட்ட சந்தோஷம். நமக்கு வேண்டியது இரண்டு.

சர்க்கரை டாக்டரம்மா ஜெபக்கனி தெற்கே நாசரேத்துக்காரர். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பேரம் பேசாம நாலுக்கும் சரின்னு ஒருத்தங்க சொல்லிட்டா என்ன செய்வீங்க சார்?"

நான் சிரித்தேன். "இந்த ஊர்லயா டாக்டர்?"

அந்தச் சிரிப்பு இன்னும் பதிவில் இருக்கிறது. கேட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல சிரிப்புதான்.

திட்டம் பிடித்துக்கொண்டது. மஞ்சள் மண்டி குழந்தைசாமி அண்ணனின் பதிவை நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்கள்.

"குழந்தைசாமிண்ணா, மாத்திரை நாலுங்."

"நாலா? என்ன கண்ணு, காலங்காத்தால வெளையாடற? ஒண்ணு போடு."

"ஒண்ணு எந்த மூலைக்குங் பத்தும்? உங்களுக்காக மூணுங். வேற ஆளா இருந்தா நாலுக்குக் கீழ எறங்கவே மாட்டனுங்."

"அடேங்கப்பா! எனக்கு ஒரு பொழுது தெரியுமில்ல? மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாச்சு. மத்தியானம் ஒரு வேளைதான் சோறு. ஒண்ணு."

"ஒரு பொழுதுங்களா? அத மொதல்லயே சொல்றதில்லீங்களா! சரிங், ஒண்ணே எடுத்துக்கங். அம்மன் பொங்கல் முடிஞ்சதும் பழையபடி பாத்துக்கலாமுங்."

ஒத்துவரவில்லை என்றால் பெட்டி கோபித்துக்கொள்ளவும் செய்யும். "விட்டுருங், எனக்கென்னங் போச்சு" என்று வாயை மூடிக்கொள்ளும். அது அப்பாவின் வித்தை. வாடிக்கையாளர் படியிறங்கிப் போகட்டும் என்று விட்டு மனதுக்குள் பதினொன்று வரை எண்ணுவார். பதினொன்றுக்குள் ஆள் திரும்பிவிடும். பெட்டியிடமும் அப்படியே திரும்பினார்கள். ஒரே வருஷத்தில் நாற்பது தொண்ணூற்று மூன்று ஆயிற்று. என் படத்தை எங்கோ மாட்டினார்கள்.

மறு பங்குனியில் ஒரு காலையில் ஜெபக்கனி கூப்பிட்டார். "சென்னியப்பன் சார், வார்டுக்கு வாங்க. நீங்க கேட்ட ஆள் வந்திருக்காங்க."

"நான் யாரைக் கேட்டேன்?"

"இந்த ஊர்லயான்னு கேட்டீங்கல்ல. இந்த ஊருதான்."

கட்டிலில் பாவாயி படுத்திருந்தாள்.

பாவாயியை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் முப்பது வருஷம் லுங்கி மடித்துக் கட்டியவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். காலையில் வந்து கடைசி மூலையில் உட்கார்ந்தால் பொழுது சாய எழுந்து போவாள். நடுவில் அவள் பேசியதாக எனக்கு நினைவிருப்பது 'சரிங்' மட்டும்தான். அதிகமாக இருபது கட்டு மடி என்றால் சரிங். நாளைக்கு வராதே என்றால் சரிங்.

ஒரு பொழுது இருந்திருக்கிறாள். பெட்டி நாலு என்றிருக்கிறது. ஐந்தாம் நாள் குழாயடியில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து, நெற்றியில் ஆறு தையல்.

"ஏ பாவாயி, நாலையும் எதுக்கு முழுங்குன?" என்றேன்.

"குடுத்துச்சுங்."

"குடுத்தா? ஒரு பொழுது இருக்கறன்னு சொல்ல வேண்டீதுதான?"

"கேக்கலீங்களே."

"அது கேக்காது. நீதான் சொல்லோணும். கொறைச்சுக் கேக்கோணும். ஊரே கேக்குது."

அவள் கட்டுப் போட்ட நெற்றியை மெல்லத் தடவிக்கொண்டாள். "எப்பிடிங் கேக்கறது? 'பாவாயக்கா, நாலுங், எடுத்துக்கங்'னு அத்தனை பதனமாச் சொல்றீங். அதுக்கு மேல போயி இல்லீங்னு சொன்னா நல்லாருக்குமுங்களா?"

"நான் சொல்லல பாவாயி. அது பெட்டி."

"உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா சின்னவரே." கொஞ்சம் சிரித்தாள். "மொத நாளு கேட்டப்ப, வாசல்ல வந்து நிக்கறீங்களோன்னு எந்திரிச்சுட்டனுங். அக்கான்னு வேற சொன்னீங்களா. இத்தனை வருசத்துல ஆரு அப்பிடிக் கூப்புட்டாங்."

குறையாகச் சொல்லவில்லை. உங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரிக்கிற தொனியில் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஜெபக்கனி காகிதத்தை நீட்டினார். "ஒண்ணு கவனிச்சீங்களா சார்? விரதம், பேதி, தலைசுத்தல்னு ஆட்கள் தன் உடம்பப் பத்திச் சொல்றதே பேரத்துக்குள்ளதான். குறைக்கறதுக்காகச் சொல்லுதாங்க. பேரம் இல்லன்னா நமக்குத் தகவலே இல்ல. பேசாத ஆளுக்கு உச்சம் மட்டும்தான் போய்ச் சேருது."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"நீங்கதான சார் எண்ணிச் சொல்லணும்."

எண்ணினோம். எங்கள் வட்டாரத்துப் பதினோராயிரம் பெட்டிகளில், முதல் எண்ணுக்கே சரி சொல்லி முழுவதையும் விழுங்கி வந்தவர்கள் அறுநூற்று நாற்பத்தொரு பேர். எந்தெந்தத் தெரு என்று பட்டியலைப் பார்த்தேன். பார்க்காமலேயே சொல்லியிருக்கலாம். எந்தக் காலத்திலும் எந்தப் பொருளுக்கும் விலை சொல்ல விடப்படாதவர்கள் இருக்கிற தெருக்கள். பேரம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்பா எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கடையின் கடைசி மூலைக்கு அவர் போனதே இல்லை.

சரி செய்வது சுலபம் என்று நினைத்தோம். உடனே 'சரிங்' என்கிறவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன எண்ணைக் கொடுத்துவிடு. பவானியில் ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எல்லா வியாபாரிகளும் எடுத்த எடுப்பில் "சரிங்" என்றார்கள். பெட்டி நாலை விட்டுவிட்டு இரண்டு என்றதும், "இப்ப வா வழிக்கு" என்று அங்கிருந்து பேரத்தை ஆரம்பித்தார்கள். அரையில் வந்து நின்றது. தொண்ணூற்று மூன்று ஐம்பதுக்கு இறங்கியது. ஒருவருக்குப் பக்கவாதமே வந்தது.

"குறைஞ்ச எண்ணுக்கு ஒரு வேலி வேணும் சார்" என்றார் நிரஞ்சன். "தேவைப்படறவங்க மட்டும் உள்ள வரணும். மத்தவங்க ஆசைப்பட்டாலும் வரக் கூடாது."

அவருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை. வேலி என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னார். அதை எங்கே கட்டலாம் என்று எனக்குத்தான் உடனே தெரிந்தது. இந்தத் தொழிலில் எனக்குள்ள கெட்ட பழக்கம் அது. எந்தச் சரக்குக்கும் ஆள் எங்கே நின்று கையை எடுப்பான் என்று கண் தானாக அளந்துவிடும்.

"'ங்'க எடுத்துருங்க" என்றேன்.

"புரியல சார்."

"அந்த அறுநூத்திச் சொச்சம் பேருகிட்டப் பெட்டி டாக்டர் எண்ணையே சொல்லட்டும். ஆனா அக்கா, அண்ணன், ங் ஒண்ணும் வேண்டாம். 'ஏ, எடு, முழுங்கு.' அவங்க பழக்கப்பட்டவங்க, கேட்டுக்குவாங்க. குழந்தைசாமி அண்ணன் ஒரு மாத்திரையக் கொறைக்கறதுக்காக, ஏ கொழந்தசாமின்னு கூப்பிட விடுவாரா? உசுரே போனாலும் அந்தப் பக்கம் வர மாட்டாரு."

"சார், ஜீனியஸ்" என்றார் நிரஞ்சன்.

ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குப் பேர் என்னன்னு தெரிஞ்சுதான பேசுதீங்க?"

"உசுர் முக்கியமா இல்லீங்களா டாக்டர்?"

"அதத்தான் கேட்டேன். தெரிஞ்சுதான் பேசுதீங்க."

கடைசியில் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் இன்னொரு குழாயடியில் இன்னொருவர் விழுவார். வேறு வழி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். கோப்புக்கு 'பண்பாட்டு இசைவு, பதிப்பு ஆறு' என்று பெயர் வைத்தார்கள்.

மறுபடியும் கண்ணாடி அறைக்குப் போனேன். முதல் பதிப்புக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏழு தடவை, எட்டுத் தடவை பேச வைத்தவர்கள், இந்த முறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டார்கள். "ரொம்ப இயல்பா வருது சார்" என்றார் பதிவு செய்த பெண். வரத்தானே செய்யும்.

முதல் நாளே பலித்தது. அறுநூற்று நாற்பத்தொரு பேரில் அறுநூற்று நாற்பது பேர் ஏழேகாலுக்குள் இரண்டையோ ஒன்றையோ விழுங்கி முடித்தார்கள். திரையில் வரிசையாகப் பச்சை. வியாபாரிகளில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சிவப்பு மட்டும் இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் ஜெபக்கனி கூப்பிட்டார்.

"பாவாயி அம்மா மூணு நாளா ஒண்ணுகூட எடுக்கல. சர்க்கரை முந்நூறத் தாண்டிட்டு. நாளைக்கும் எடுக்கலன்னா மறுபடி வார்டுதான். இந்தத் தடவ தையல் போட்டு அனுப்பற காரியமா இருக்காது."

"பெட்டி கெட்டுப் போச்சா?"

"பெட்டி பேசுது. அவங்கதான் எடுக்கல."

மறுநாள் ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தேன். முப்பது வருஷம் எங்களிடம் வேலை பார்த்தவளின் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. வழி கேட்டுப் போக வேண்டியிருந்தது. ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அலமாரியில் பெட்டி. கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் என் குரலே உள்ளேயிருந்து கேட்டது.

"ஏ பாவாயி, மாத்திரை ரெண்டு. எடுத்து முழுங்கு."

அவள் ஒரு இணுக்கை உருவி முறத்தில் போட்டாள்.

"பாவாயி, உன்னையத்தான்."

"காது கேக்குது."

"அப்புறமென்ன? சரி, ஒண்ணு எடு."

"எண்ணிக்கைய இப்ப ஆரு கேட்டா?"

"அரை?"

"எனக்கு ரெண்டும் வேணும். டாக்டரம்மா சொல்லியிருக்குது."

"அப்ப எடு."

"மொறையாக் கேளு."

பெட்டி சற்று நின்றது. ஆள் எதை விட்டுக்கொடுத்தால் மடங்குகிறாரோ அதைத் தேடு என்றுதான் அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். தேடியும் கிடைக்காததால் அப்பாவின் வித்தைக்குப் போயிற்று. "விட்டுரு. எனக்கென்ன போச்சு."

"போ" என்றாள் பாவாயி.

நான் வாசலில் நின்று எண்ணினேன். ஏழு. எட்டு. அவள் கீரையில் பழுப்பு இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டி நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்பாவும் சொல்லித் தந்ததில்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. இருபத்தாறு.

"பாவாயி, ரெண்டுங்."

அவள் நிமிரவில்லை. "பேரு?"

"பாவாயக்கா, ரெண்டு."

"இப்ப ங் எங்க போச்சு? ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்கற?"

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தையில் நாற்பது வருஷம் நின்ற ஆட்கள் கோட்டை விடுகிற இடம் அது.

"பாவாயக்கா, ரெண்டுங். எடுத்துக்கங்."

"சரிங்" என்றாள். எழுந்து வந்து, உள்ளங்கையை ஏந்தி வாங்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

என் பையில் போன் அதிர்ந்தது. நிரஞ்சன். "சார், அங்க ஒரு பெட்டி புதுசா எதையோ கத்துக்கிட்டிருக்கு. எண்ணுல கை வெக்காம, கேட்டா மரியாதையத் திருப்பிக் குடுக்குது. சாயங்காலம் எல்லாப் பெட்டிக்கும் தானாப் போயிரும். போகட்டுமா, நிறுத்திரட்டுமா? வேலி என்ன ஆகும்?"

வேலிக்கு ஒன்றும் ஆகாது. திருப்பிக் கேட்க வேண்டுமானால் முதலில் இழந்திருக்க வேண்டும். அதற்குக் குழந்தைசாமி அண்ணன் வரப்போவதில்லை. மற்ற அறுநூற்று நாற்பது பேரில் எத்தனை பேர் கேட்பார்கள் என்று தெரியவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார எல்லோராலும் முடியாது.

"போகட்டும்" என்றேன்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பாவாயி திரும்பினாள். "வாங்க சின்னவரே" என்றாள். ஆனால் பழையபடி எழுந்திருக்கவில்லை. முறத்தருகே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாத்தான் பேசற பாவாயி" என்றேன். "எங்க கத்துக்கிட்ட?"

ஒரு இணுக்கை எடுத்து உருவினாள்.

"பாவாயி, உன்னையத்தான் கேக்கறேன்."

கீரைதான் முறத்தில் விழுந்தது. நான் சொன்னது எனக்கே அலமாரியிலிருந்து கேட்டது போலிருந்தது. வெயில் முதுகில் ஏறியது. படியிறங்கிப் போய்விடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். போனால் பதினொன்றுக்குள் திரும்ப வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தது.

பெட்டி இறங்கி வர நாலு நாள் ஆயிற்று. நான் எத்தனையாவது தடவையில் இறங்கினேன் என்பதைச் சொல்வதாக இல்லை. படிந்த எண்ணை வெளியே சொல்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

பாவாயக்கா எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

"உங்க கடையிலதானுங்" என்றார். "முப்பது வருசம் மடிச்சுக்கிட்டே கேட்டுட்டுத்தானுங்களே இருந்தேன்."